ஹெர்பர்ட் ஸ்பென்சர் பார்பர்

ஹெர்பர்ட் ஸ்பென்சர் பார்பர் (1882 – 1950) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆவார். வண்டினங்களின் வகைப்பாட்டில் வல்லுநராகத் திகழ்ந்தவர். உடலமைப்பில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும் மின்மினிகளை, அவை ஒளியை விட்டுவிட்டு உமிழும் முறையைக் கொண்டு தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரித்தறியலாம் என்பதைக் களத்தில் நிலைநாட்டிய முன்னோடிகளுள் ஒருவர். தரையில் ஊரும் சிற்றுயிர்களைப் பிடிக்க உதவும் குழிப்பொறி பல நாடுகளில் இவருடைய பெயரால் பார்பர் பொறி என்றே வழங்கப்படுகிறது. மின்மினிகள் பற்றிய இவருடைய முதன்மையான நூல் இவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டில், 1951இல், நண்பர் ஒருவரின் முயற்சியால் வெளிவந்தது.

இவரை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய மெய்யியலாளரான ஹெர்பர்ட் ஸ்பென்சருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இளமையும் பணியும்

பார்பர் 1882ஆம் ஆண்டு, இன்றைய தென் டகோட்டா மாநிலத்தில் உள்ள யாங்டன் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே வாசிங்டனுக்கு வந்து, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கீழ் இயங்கிய ஐக்கிய அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் பணியில் சேர்ந்தார். பின்னர் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் பூச்சியியல் பணியகத்துக்கு மாறினார். எனினும் பணியிடம் பெரிதாக மாறிவிடவில்லை. வேளாண்மைத் துறையின் வகைப்பாட்டு வல்லுநர்களும் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை வைத்தே பணியாற்றினர். வயல்களிலும் கிடங்குகளிலும் பிடிபட்ட வண்டுகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அவர்களிடம் வந்து சேரும். அவை இன்ன சிற்றினம் என்று கண்டு சொல்வது அவர்களின் அன்றாட வேலை. இலை வண்டுகளும் பயறு வண்டுகளும் இவ்வகையில் பார்பரின் கைக்கு மிகுதியாக வந்தன.

இவருடைய ஆசானாக அமைந்தவர் ஈ. ஏ. சுவார்ஸ் (1844 – 1928). செருமனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சுவார்ஸ், வாசிங்டன் பூச்சியியல் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். இருவரும் சேர்ந்து சேகரிப்புப் பயணங்கள் மேற்கொண்டனர். 1906இல் அவர்கள் குவாத்தமாலாவின் ஆல்ட்டா வேராப்பாஸ் பகுதிக்குச் சென்று திரட்டிய பூச்சிகள் இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளன. வாசிங்டனுக்கு அருகில் பொட்டோமாக் ஆற்றில் உள்ள பிளம்மர்ஸ் தீவும் பார்பர் அடிக்கடி பூச்சி தேடிய இடமாகும். உயிரியலாளர்கள் சிலர் சேர்ந்து அமைத்த களக்கழகம் ஒன்று அத்தீவில் இயங்கிவந்தது. பார்பர் அதன் உறுப்பினராக இருந்தார்.

ஒளிரும் உயிர்களின் மீது பார்பருக்கு இருந்த ஈடுபாடு தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. வாசிங்டன் சுற்றுப்புறத்தில் காணப்படும் ஃபெங்கோடிஸ் என்னும் ஒளிப்புழுக்களைப் பற்றியும், அஸ்ட்ராப்டர் என்னும் வெப்பமண்டல ஒளிப்புழுவைப் பற்றியும் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே குறிப்புகள் எழுதி வெளியிட்டார். இவற்றின் பெண்கள் முதிர்ந்த பின்னும் இறக்கையின்றிப் புழு வடிவிலேயே இருக்கும்.

புழு ஈனும் புழு

மின்மினிகளுக்கு முன்னரே பார்பருக்குப் புகழ் தேடித் தந்தது மைக்ரோமால்தஸ் டெபிலிஸ் என்னும் மிகச் சிறிய வண்டு. அமெரிக்க வண்டியலின் தந்தை எனப் போற்றப்படும் ஜான் லெகோன்ட் 1878இல் இதை முதன்முதலாக விவரித்தார். சுவார்ஸும் அவருடைய நண்பர் ஹப்பார்டும் தொகுத்த மிச்சிகன் மாநில வண்டுகளின் பட்டியலோடு சேர்ந்தே அவ்விவரிப்பு வெளிவந்தது. ஆயினும் இந்த வண்டு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எப்படி வாழ்கிறது என்பவை 35 ஆண்டுகள் விளங்காமலேயே இருந்தன.

மட்கிய மரக்கட்டைகளில் இவ்வண்டின் குடம்பிகளை வளர்த்துப் பார்த்த பார்பர், அவை முழு வண்டாக உருமாறாமலேயே குட்டி ஈனுவதைக் கண்டார். ஒரு குடம்பி உயிருள்ள இளம் குடம்பிகளை ஈனுகிறது. ஆண் வழியைத் தோற்றுவிக்கும் குடம்பியோ ஒரே ஒரு முட்டையை இட்டுத் தன் உடலோடு ஒட்டியபடி வைத்திருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு தாயின் உடலையே தின்று வளர்கிறது. வண்டினங்களில் வேறெங்கும் அறியப்படாத இவ்வாழ்க்கை முறையை 1913இல் இரு கட்டுரைகளில் விளக்கிய பார்பர், இவ்வண்டுக்கென மைக்ரோமால்திடே என்னும் தனிக் குடும்பத்தையும் நிறுவினார். அக்குடும்பம் இன்றும் அவர் பெயரோடும் அந்த ஆண்டோடுமே குறிக்கப்படுகிறது.

இறந்து ஊசியில் குத்தப்பட்ட மாதிரியைப் பார்த்து இதில் எதையும் அறிந்திருக்க முடியாது. உயிரோடு வைத்துப் பொறுமையாகப் பார்த்ததனால்தான் தெரியவந்தது. மின்மினிகளிடமும் பார்பர் இதே வழியைப் பின்பற்றினார்.

பார்பர் பொறி

குகைகளில் வாழும் வண்டுகளைப் பிடிப்பதற்காகத் தரையில் புதைத்துவைக்கும் பொறிகளைப் பற்றி பார்பர் எழுதிய கட்டுரை 1931இல் வெளிவந்தது. கலன் ஒன்றை அதன் வாய் தரைமட்டத்தோடு பொருந்துமாறு புதைத்து, உள்ளே பூச்சிகள் கெடாமல் இருக்க உதவும் நீர்மத்தை ஊற்றிவைப்பதே இம்முறை. இருளில் ஊர்ந்து வரும் பூச்சி விளிம்பில் தடுமாறி உள்ளே விழும். பல நாட்கள் கழித்து வந்து எடுத்தாலும் மாதிரிகள் கெட்டிருப்பதில்லை.

இம்முறையைக் கையாண்டவர்களுள் பார்பர் முதல்வர் அல்லர். செருமனியின் பிரீட்ரிக் டால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தகைய பொறிகளைப் பயன்படுத்தியுள்ளார். ஆனால் பெயர் என்னவோ பார்பருக்கே வாய்த்தது. நெல் வயல்களில் சிலந்திகளையும் தரை வண்டுகளையும் கணக்கெடுக்கும் தமிழக வேளாண் மாணவர்களும் இக்குழிப்பொறியையே பயன்படுத்துகின்றனர்.

மின்மினிகளில் இருந்த சிக்கல்

மின்மினிகள் வண்டு வரிசையில் லாம்பிரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் இரு பேரினங்கள் ஃபோட்டைனஸ், ஃபோட்டூரிஸ் என்பனவாகும். பெயர்கள் ஒத்து ஒலிப்பதால் வாசகர் இவ்விரண்டையும் மாற்றிக் கருதிவிடக் கூடாது. இக்கட்டுரையின் பிற்பகுதி இவ்வேறுபாட்டையே சார்ந்துள்ளது. ஃபோட்டைனஸ் பெரும்பாலும் சிறியது. அந்தி நேரத்தில் புல்வெளிக்கு மேலே தாழ்வாகப் பறக்கும். ஃபோட்டூரிஸ் நீண்ட கால்களும் விரைவான இயக்கமும் கொண்டது. இருட்டிய பின்னும் மரங்களின் உச்சி வரையிலும் காணப்படும்.

ஃபோட்டைனஸ் இனங்களை உடலுறுப்புகளின் வேறுபாட்டைக் கொண்டு ஓரளவு பிரிக்க முடிந்தது. ஃபோட்டூரிஸில் அது முடியவில்லை. சுவீடனைச் சேர்ந்த கார்ல் டெ கேர் 1774இல் பென்சில்வானிக்கா என்ற பெயரில் ஒன்றை விவரித்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் லெகோன்ட் மேலும் சிலவற்றுக்குப் பெயரிட்டார். அதன் பிறகு அமெரிக்கச் சேகரிப்புகளில் ஃபோட்டூரிஸ் மாதிரிகளுள் பெரும்பாலானவை பென்சில்வானிக்கா என்ற ஒரே பெயரின் கீழ்ப் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டன. நிறத்திலும் அளவிலும் சிறு வேறுபாடுகள் இருந்தன. ஆனால் அவை சிற்றின வேறுபாடா அல்லது ஒரே சிற்றினத்துக்குள் காணப்படும் இயல்பான மாறுபாடா என்று எவராலும் கூற இயலவில்லை.

ஒளியின் மொழி

மின்மினியின் ஒளி வயிற்றின் கடைசிக் கண்டங்களில் உள்ள ஒளியுறுப்பில் உண்டாகிறது. லூசிஃபெரின் என்னும் பொருள், லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையோடு, ஆக்சிசனுடன் வினைபுரியும்போது ஒளி பிறக்கிறது. இவ்விரு பொருட்களுக்கும் பெயரிட்டவர் பிரான்சின் ரஃபாயேல் துய்புவா (1849 – 1929). உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி இவ்வினைக்குத் தேவை என்பதை 1947இல் வில்லியம் மெக்கெல்ராய் கண்டறிந்தார். இவ்வினையில் வெப்பம் மிகக் குறைவாகவே உண்டாகிறது. மின்மினி தன் நரம்புகளின் வழியாக ஒளியுறுப்பைக் கட்டுப்படுத்துவதால், விளக்கை ஏற்றி அணைப்பதுபோல ஒளியை விட்டுவிட்டு உமிழ முடிகிறது.

இந்த ஒளிர்வு இணையைத் தேடும் குறிப்பு என்பதைத் தெளிவுபடுத்தியவர் பிராங்க் அலெக்சாண்டர் மெக்டெர்மட் (1885 – 1966). தொழிலால் வேதியியலாளரான இவர் வாசிங்டனில் இருந்த அரசு நலவாழ்வு ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1910 முதல் மின்மினிகளின் ஒளிர்வு பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். ஃபோட்டைனஸ் ஆண் பறந்தபடியே ஒளிர்கிறது. புல்லில் அமர்ந்திருக்கும் பெண் சற்றுப் பொறுத்துப் பதில் ஒளி காட்டுகிறது. அதைக் கண்டு ஆண் இறங்கி வருகிறது. பெண்ணின் பதிலைப் போலவே செயற்கையாக ஒளி காட்டி ஆண்களை அருகே வரச்செய்ய முடியும் என்பதையும் மெக்டெர்மட் காட்டினார்.

ஃபோட்டைனஸ் பைராலிஸ் என்னும் பொதுவான சிற்றினத்தை எடுத்துக்கொள்ளலாம். இதன் ஆண் கீழ்நோக்கித் தாழ்ந்து மேலெழும்போது, ஏறத்தாழ அரை நொடி நேரம் மஞ்சள் ஒளி வீசும். வெதுவெதுப்பான மாலையில் ஏறத்தாழ ஆறு நொடிக்கு ஒருமுறை இது நிகழும். பெண் ஏறத்தாழ இரண்டு நொடி கழித்துப் பதிலளிக்கும். இந்த இரண்டு நொடி இடைவெளிதான் ஆணுக்கு அடையாளம் என்பதை ஜான் பக் 1930களில் சோதனைகள் மூலம் காட்டினார். பதில் ஒளி உரிய நேரத்தில் வராவிட்டால் ஆண் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மின்மினிகளே தம் இனத்தை இவ்வாறு ஒளியால் அறிகின்றன என்றால், மனிதனும் அதே வழியில் அவற்றை அறியலாம் அல்லவா? அருங்காட்சியகப் பெட்டிகளில் சிக்கிக் கிடந்த ஃபோட்டூரிஸ் சிக்கலுக்கு பார்பர் தேர்ந்துகொண்ட வழி இதுவே. மெக்டெர்மட் அவருக்கு நண்பராகவும் துணையாகவும் அமைந்தார்.

பார்பரின் முறை

பார்பர் இரவுகளில் வாசிங்டன் சுற்றுப்புறத்தின் சதுப்புகளிலும் ஆற்றோரங்களிலும் தோப்புகளிலும் காத்திருந்து மின்மினிகளைக் கவனித்தார். ஒளியின் நிறம், ஒரு வீச்சு நீடிக்கும் நேரம், ஒரு வீச்சில் எத்தனை துடிப்புகள், இரு வீச்சுகளுக்கு இடையிலான இடைவெளி, ஒளி சட்டென்று தோன்றுகிறதா அல்லது மெல்ல வளர்கிறதா, பறக்கும் உயரம், நிலத்தின் தன்மை, பருவம் ஆகியவை இம்முறையில் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

கண்டதைக் குறித்துக்கொள்வது மட்டும் போதாது. அந்த ஒளியை வீசிய அதே பூச்சியைப் பிடித்தாக வேண்டும். இருட்டில், பல வகை ஒளிகள் ஒரே நேரத்தில் மின்னும் இடத்தில், ஒளி அணைந்திருக்கும் நொடிகளில் அப்பூச்சி எங்கே போயிற்று என்று தெரியாமல் வலை வீசுவது எளிதன்று. பிடித்த பூச்சியை மற்றவற்றோடு கலந்துவிடாமல் தனியே வைத்து, அதன் ஒளிர்வு விவரத்தை அதனுடனேயே பதிந்தாக வேண்டும். மின்மினி இறந்தவுடன் அதன் ஒளிர்வு முறையும் போய்விடுகிறது. அதன் பிறகு அந்த மாதிரியைப் பக்கத்து மாதிரியிலிருந்து வேறுபடுத்துவது ஊசியில் கோத்த சிறு தாள் ஒன்றே. தாள் தொலைந்தால் சிற்றினமும் தொலைந்ததுபோலத்தான்.

வெப்பநிலையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். குளிர்ந்த இரவில் துடிப்புகள் மெதுவாகும், இடைவெளிகள் நீளும். வெப்பமானியைப் பாராமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஒரே சிற்றினம் இரண்டாகத் தோன்றக்கூடும்.

இவ்வாறு பிரித்தறிந்த ஃபோட்டூரிஸ் மின்மினிகளுக்கு பார்பர் இட்ட பெயர்களிலேயே அவற்றின் ஒளி பதிந்துள்ளது. லூசிகிரசென்ஸ் என்பதற்கு வளரும் ஒளி என்று பொருள். மங்கலாகத் தொடங்கி மெல்லப் பெருகும் ஒளியை இது வீசும். டிரெமுலன்ஸ் என்றால் நடுங்குவது. குவாட்ரிபல்ஜென்ஸ் நான்கு துடிப்புகளாக ஒளிர்வது. செருலூசென்ஸ் நீலமாக ஒளிர்வதையும் ஆரியோலூசென்ஸ் பொன்னிறமாக ஒளிர்வதையும் குறிக்கும். பொட்டோமாக்கா ஆற்றின் பெயரால் அமைந்தது. உடலின் நிறத்தையோ கொம்பின் வடிவத்தையோ கொண்டு வண்டுகளுக்குப் பெயர் சூட்டிவந்த மரபில், நடத்தையைக் கொண்டு பெயர் சூட்டுவது அன்று புதுமையாகவே இருந்தது.

பழைய பெயர்களில் வேறொரு இடர் இருந்தது. 1774இல் டெ கேர் விவரித்த பென்சில்வானிக்கா உயிரோடு இருந்தபோது எவ்வாறு ஒளிர்ந்தது என்பதை அறிய வழியே இல்லை. விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி முதலில் இட்ட பெயருக்கே முன்னுரிமை உண்டு. ஆனால் அப்பெயரை எந்த ஒளிக்கு உரியதாக்குவது? குறுகிய ஒரு வீச்சும் அதைத் தொடர்ந்து நீண்ட ஒரு வீச்சுமாக, தந்திக் குறியீட்டின் புள்ளியும் கோடும் போல ஒளிரும் மின்மினிக்கு பார்பர் அப்பெயரைப் பொருத்தினார். இன்றும் அம்மின்மினியே அப்பெயரால் அறியப்படுகிறது.

பொய் ஒளி காட்டும் பெண்கள்

ஃபோட்டூரிஸ் ஆய்வில் மற்றொரு குழப்பமும் இருந்தது. பல ஃபோட்டூரிஸ் சிற்றினங்களின் பெண்கள் வேட்டையாடுபவை. அவை புல்லில் அமர்ந்து, அவ்வழியே பறக்கும் ஃபோட்டைனஸ் ஆணின் ஒளிக்கு அதன் சொந்தப் பெண்ணைப் போலவே பதில் ஒளி காட்டுகின்றன. இணை கிடைத்ததென்று இறங்கி வரும் ஆண் இரையாகிறது. இந்நடத்தையை பார்பர் தம் குறிப்புகளில் பதிந்திருந்தார். 1965இல் ஜேம்ஸ் லாய்ட் இதை விரிவான களச் சோதனைகளால் உறுதிப்படுத்தினார். இவ்வேட்டையால் கிடைப்பது உணவு மட்டுமன்று. ஃபோட்டைனஸின் உடலில் உள்ள கசப்பான நச்சுப்பொருட்களும் ஃபோட்டூரிஸ் பெண்ணுக்குச் சேர்ந்து, சிலந்தி முதலியவற்றிடமிருந்து அதைக் காக்கின்றன என்பது 1990களில் கண்டறியப்பட்டது.

ஆகவே ஒளியைக் கொண்டு சிற்றினத்தை அறியும் முறைக்கு எல்லை உண்டு. ஒரு பெண் மின்மினி காட்டும் பதில் ஒளி அதன் சொந்த ஒளியாக இருக்கலாம். வேறொன்றைப் போன்ற நடிப்பாகவும் இருக்கலாம். எனவே பறக்கும் ஆண்களின் ஒளியே நம்பத்தக்க அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதுவும் முழு உண்மையன்று என்பது பின்னர் தெரியவந்தது.

நண்பர் பதிப்பித்த நூல்

மின்மினிகளைப் பற்றி இத்தனை காலம் சேர்த்துவைத்த செய்திகளை முழுமையான நூலாக பார்பர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. 1950ஆம் ஆண்டு அவர் காலமானபோது அது கையெழுத்துப் படியாகவே இருந்தது. வேறு துறைகளில் இவ்வாறு விடப்படும் ஒரு கையெழுத்துப் படியைப் பிறர் பின்னாளில் மாதிரிகளைப் பார்த்து மீட்டெடுக்க முடியும். இங்கே அதற்கு வாய்ப்பில்லை. குறிப்புகளைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது ஒன்றுபோல் தோன்றும் உலர்ந்த வண்டுகள் மட்டுமே.

அப்போது டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் டூபாண்ட் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த மெக்டெர்மட் அப்படியைச் செப்பமிட்டுத் தம் குறிப்புகளையும் சேர்த்தார். ஃபோட்டூரிஸ் பேரினத்து வட அமெரிக்க மின்மினிகள் என்னும் அந்நூல் 1951இல் ஸ்மித்சோனியன் பல்வகைத் தொகுப்புகள் வரிசையில் 58 பக்கங்களில் வெளியாயிற்று. மேலே குறிப்பிட்ட சிற்றினங்களின் பெயர்கள் அனைத்தும் இந்நூல் வழியாகவே அறிவியலுக்கு அறிமுகமாயின. பெயர்களுக்கு உரியவராக பார்பரே குறிக்கப்படுகிறார்.

மெக்டெர்மட் அத்துடன் நிற்கவில்லை. 1953இல், அட்லாண்டிக் கடற்கரை மணற்குன்றுகளுக்கு இடையே உள்ள நன்னீர்ப் பள்ளங்களில் மட்டும் வாழும் ஃபோட்டூரிஸ் பெத்தானியென்சிஸ் என்னும் சிற்றினத்தை விவரித்தார். இரண்டு பச்சை ஒளி வீச்சுகள் இதன் அடையாளம். கடற்கரைக் கட்டடங்களாலும் கடல்மட்ட உயர்வாலும் இதன் வாழிடம் சுருங்கியதால், 2024இல் ஐக்கிய அமெரிக்க மீன் மற்றும் காட்டுயிர்ப் பணியகம் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்க முன்மொழிந்தது. அருகிவரும் இனங்களுக்கான அந்நாட்டுச் சட்டத்தின் கீழ் இவ்வாறு முன்மொழியப்பட்ட முதல் மின்மினி இதுவே. ஒளியைக் கொண்டு தனிச் சிற்றினமாகப் பிரித்துப் பார்த்திராவிட்டால், எங்கும் காணப்படும் பென்சில்வானிக்காவின் ஒரு சாயலாகவே இது கருதப்பட்டிருக்கும். காப்பதற்கென்று எதுவும் இருந்திராது.

பிற்கால மதிப்பீடு

உருவில் ஒன்றுபோல இருந்தும் தம்முள் கலவாமல் வாழும் சிற்றினங்களுக்கு பார்பரின் ஃபோட்டூரிஸ் நல்ல எடுத்துக்காட்டாக அமைந்தது. சிற்றினம் என்பது உருவ ஒற்றுமையால் அன்றி இனப்பெருக்கத்தால் வரையறுக்கப்படுவது என்று வாதிட்ட எர்ன்ஸ்ட் மாயர் போன்ற பரிணாம உயிரியலாளர்கள் இதனை எடுத்தாண்டனர்.

பார்பரின் முடிவுகள் அனைத்தும் அப்படியே நிலைத்துவிடவில்லை. ஒவ்வொரு ஒளிர்வு முறைக்கும் ஒரு சிற்றினம் என்பது அவர் அணுகுமுறையின் அடிப்படை. ஆனால் ஒரே ஃபோட்டூரிஸ் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் ஒளிர வல்லது என்பதை லாய்ட் பின்னர் கண்டறிந்தார். சில ஆண்கள் தம் இனப் பெண்கள் வேட்டையாடும் ஃபோட்டைனஸ் ஆணின் ஒளியைப் போலவே வீசி, இரைக்காகக் காத்திருக்கும் பெண்ணைத் தேடுகின்றன என்று 1980இல் அவர் எழுதினார். எனவே இரண்டு முறைகளைக் கண்டால் இரண்டு சிற்றினங்கள் என்று முடிவு கட்ட இயலாது. ஃபோட்டூரிஸ் பேரினத்தின் வகைப்பாடு 21ஆம் நூற்றாண்டிலும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. மரபணு ஒப்பீடும் இப்போது துணைக்கு வந்துள்ளது. எனினும் ஒளிர்வு விவரம் இல்லாத மாதிரியைக் கொண்டு இவற்றை ஆராய இயலாது என்ற பார்பரின் அடிப்படைக் கருத்தை எவரும் மறுக்கவில்லை.

தமிழ்நாட்டு மின்மினிகளும் இம்முறையும்

ஃபோட்டைனஸ், ஃபோட்டூரிஸ் ஆகிய இரண்டும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. எனவே பார்பரின் ஒளிக் குறிப்புகளைத் தமிழகத்தில் அப்படியே பொருத்த முடியாது. அவருடைய முறையை மட்டுமே பொருத்தலாம்.

தென்னிந்தியாவில் பறந்தபடி விட்டுவிட்டு ஒளிரும் மின்மினிகளுள் அப்ஸ்கொண்டிட்டா பேரினத்தைச் சேர்ந்தவை குறிப்பிடத்தக்கவை. 2013இல் இப்பேரினம் தனியே பிரிக்கப்படும் வரை இவை லூசியோலா என்ற பெயரில் வைக்கப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் எண்ணற்ற மின்மினிகள் ஒத்திசைவாக ஒளிர்வதை வனத்துறையினரும் ஆய்வாளர்களும் பதிவு செய்தனர். அவையும் இப்பேரினத்தைச் சேர்ந்தவை என்று அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கு மாறாக, லாம்ப்ரிகெரா டெனிப்ரோசா என்னும் பெரிய மின்மினியின் பெண்ணுக்கு இறக்கை இல்லை. தரையில் அமர்ந்து விட்டுவிடாமல் தொடர்ந்து ஒளிரும். இதன் குடம்பிகள் நத்தைகளைத் தின்பவை. இலங்கையிலிருந்து 1858இல் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

திண்டுக்கல் மாவட்டத்தைக் கொண்டு இச்சிக்கலை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மாவட்டத்தின் மேற்கே கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில், இயேசு சபையினர் 1895இல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மலைப்பகுதிப் பூச்சிகள் பாடம் செய்து வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய சேகரிப்புகளில் உள்ள மின்மினியைப் பார்த்து அதன் உடலமைப்பையும் கிடைத்த இடத்தையும் அறியலாம். ஒளிர்வை அறிய முடியாது. அதற்கு மழைக்குப் பிந்தைய மாலைகளில் சிறுமலை அடிவாரத்திலோ குடகனாற்றுக் கரையிலோ சமவெளியின் ஈரமான வயல் வரப்புகளிலோ உயிருள்ள மின்மினியைத் தேடித்தான் செல்ல வேண்டும். நிறுத்துக் கடிகாரமும் வெப்பமானியும் இருந்தால் போதும். ஒரே ஆணைப் பின்தொடர்ந்து, அடுத்தடுத்த பத்து வீச்சுகளுக்கு ஆகும் நேரத்தையும் ஒவ்வொரு வீச்சிலும் உள்ள துடிப்புகளையும் குறித்துக்கொண்டு, அன்றைய வெப்பநிலையையும் உடன் எழுதிவைப்பது அடிப்படைப் பதிவாகும்.

இதற்கு இருட்டு தேவை. திண்டுக்கல் நகரிலும் நெடுஞ்சாலையோர ஊர்களிலும் தெருவிளக்குகளின் வெளிச்சம் சாலையை ஒட்டிய வயல்கள் வரை பரவுகிறது. செயற்கை வெளிச்சம் மிகுந்த இடங்களில் மின்மினிகள் ஒளிர்வதையும் இணை சேர்வதையும் குறைத்துக்கொள்கின்றன என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ஆணின் ஒளி பெண்ணுக்குத் தெரிவதில்லை. பெண்ணின் மங்கலான பதில் ஆணுக்கு எட்டுவதில்லை. ஆகவே இப்பதிவுகளை விளக்கு வெளிச்சம் எட்டாத உட்பகுதி வயல்களிலும் மலையடிவாரங்களிலும் நிலவில்லாத இரவுகளில் எடுப்பதே பொருத்தமானது.